பினாங்கில் குடும்பமாக நடத்திய போட்டோக் கடை: தகடுகளையும் பேரேட்டையும் படிப்பது எப்படி

கேள்வி இது: வெள்ளைக்காரன் காலத்தில் ஜார்ஜ்டவுனில் கொள்ளுத்தாத்தாவும் அவருடைய தம்பிகளும் போட்டோ ஸ்டூடியோ நடத்தியிருக்கிறார்கள். இப்போது இரண்டு மரப்பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவ்களும், ஒரு கணக்குப் புத்தகமும், அட்டையில் ஒட்டிய படங்களும் கிடைத்துள்ளன. அந்தத் தொழில் எப்படி நடந்தது, எந்தப் படம் எந்தக் காலத்தது, இவற்றை என்ன செய்வது?

பெட்டியைத் திறந்தவுடன் முகங்களைத் தேடத்தான் கை போகும். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் மையால் எழுதிய அல்லது ஊசியால் கீறிய எண் இருக்கிறதா என்று பாருங்கள். மையால் எழுதியது பெரும்பாலும் திருப்பி எழுதியதாக இருக்கும், கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். அந்த எண்தான் கணக்குப் புத்தகத்தின் முதல் பத்தியில் இருக்கும் எண். கடையின் மூலதனம் கேமராவில் இருக்கவில்லை. கேமராவை யாரும் வாங்கலாம். எண் போட்டு அடுக்கிய நெகட்டிவ் அலமாரியும், எந்த எண் யாருடையது என்று சொல்லும் பேரேடும்தான் ஒரு கடையை இன்னொரு கடையிலிருந்து பிரித்தன. அட்டைகளின் பின்னால் 'நெகட்டிவ் பாதுகாக்கப்படும், எப்போது வேண்டுமானாலும் காபி கிடைக்கும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். அது வெறும் விளம்பரமல்ல. படம் எடுத்த அன்று வரும் பணத்தில் கூலியும் வாடகையும் போய்விடும், அதே தகட்டிலிருந்து பின்னால் போட்டுக் கொடுக்கும் பிரிண்டுகளில்தான் லாபம் நின்றது. குடும்பமாகத் தொழில் நடத்தியதற்கும் இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. கூலிக்கு வைத்த ஆள் விலகிப்போனால் எண்ணும் முகமும் அவனோடு போய்விடும், தம்பி போகமாட்டான்.

இதற்கு நேர் எதிரான வகை ஒன்றும் இங்கே இருந்தது. சிங்கப்பூரில் 1867-இல் ஜெர்மானியரான லாம்பர்ட் தொடங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் அண்ட் கம்பெனி, பின்னாளில் அலெக்சாண்டர் கோக் என்பவர் பொறுப்பில் பெருகி, கோலாலம்பூரிலும் சுமத்ராவின் டெலியிலும் பாங்காக்கிலும் கிளை வைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடம் சுமார் 3000 காட்சிப் படங்கள் இருந்தன. சம்பளத்துக்கு வந்த ஐரோப்பியப் படக்காரர்கள் மாறி மாறி எடுத்தவை அவை. சொந்தமாகக் கேமரா வாங்கும் பழக்கம் பரவியதும், அஞ்சலட்டைகள் மலிந்ததும், அந்தப் பெரிய கம்பெனி 1910 வாக்கில் மூடிவிட்டது. பினாங்கில் 1880-களிலிருந்து கடை வைத்திருந்த ஆகஸ்ட் கவுல்ஃபுஸும் ஜெர்மானியரே. இவர்கள் விட்ட இடத்தைப் பிடித்தவை சீனர், ஜப்பானியர், தமிழர் நடத்திய சிறிய குடும்பக் கடைகள். சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் இருந்த லீ சகோதரர்கள் ஸ்டூடியோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் குடும்பத்தின் 2500-க்கும் மேற்பட்ட படங்கள் 1994-இல் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச்சேர்ந்தன, அதனால்தான் அவர்கள் கதை இன்று தெரிகிறது.

தமிழர்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தது இன்னும் முன்னால். 1862-இல் பினாங்குக்கு வந்து சில மாதம் தங்கிப் படம் எடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன், இரண்டு மதராஸ் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிரிண்ட் போடவும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாகத் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மனிதக் கை படாமல் உருவம் விழுவது பேய் வேலை என்று அவருடைய சீனப் பணியாளர்கள் ஒதுங்கினார்களாம். அந்த இருவரின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை, துரைமார் எழுதிய எல்லாவற்றிலும் நம்மாள் கதை இப்படித்தான். ஆனால் பினாங்கில் இருட்டறை வேலை தமிழர் கைக்கு 1860-களிலேயே வந்துவிட்டது என்பதற்கு அது போதும். பிறகு அஞ்சலட்டைக் காலத்தில் 'எஸ்.எம். மாணிக்கம், பினாங்கு' என்று பின்பக்கத்தில் அச்சிட்ட அட்டைகளும் வந்தன. உங்கள் பெட்டியில் ஊர்க் காட்சி அட்டைகள் இருந்தால், அவை சொந்தக் கடையில் எடுத்தவையா, பிறர் வெளியிட்டதை விற்பனைக்கு வாங்கி வைத்தவையா என்று பின்பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி கடையின் உள்ளே. கீழே அஞ்சடி என்ற கடைமுன் நடைபாதை, அதை ஒட்டி வரவேற்கும் மேசை, கண்ணாடிப் பெட்டியில் மாதிரிப் படங்கள். ஸ்டூடியோ மாடியில். காரணம் வெளிச்சம். மின்விளக்கு வலுவாக வருமுன் கூரையின் ஒரு சரிவில் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டு, அடியில் வெள்ளை, நீலக் காடாத் துணித் திரைகளைக் கயிற்றில் ஓடவிட்டு வெளிச்சத்தைத் திறந்தும் மூடியும் பிடித்தார்கள். ஐரோப்பியக் கையேடுகள் வடக்கே பார்த்த கண்ணாடி வையுங்கள் என்கின்றன. அங்கே சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும், வடக்கில் நேர்வெயில் விழாது. பினாங்கு 5.4 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் இங்கே நமக்கு வடக்கே போய்விடும். கோலாலம்பூரில் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை. புத்தகத்தை நம்பி வடக்கே கண்ணாடி வைத்தவருக்கு வருடத்தில் ஐந்து மாதம் வெயில் நேராக இறங்கி மூக்கின் கீழ் கறுப்பு நிழல் விழும். அதனால் காலை ஏழரையிலிருந்து பத்தரை வரையும், மாலை மூன்றரைக்குப் பிறகும்தான் முகப் படம் நன்றாக வந்தது. பேரேட்டில் நேரம் குறித்திருந்தால் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் தகடுகளில் இரண்டு வகை இருக்கலாம். பழையது ஈரத் தகடு, அதாவது கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசல் பூசியது. 1851-இல் வந்த முறை, இந்தப் பக்கத்தில் 1880-கள் வரை ஓடியது. துடைத்த கண்ணாடியின் நடுவில் கொலோடியனை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, கடைசி மூலை வழியே மிச்சத்தைப் பாட்டிலில் வடிப்பார்கள். பிசின் போல் கெட்டிப்படும்போது இருட்டில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் மூன்று நான்கு நிமிடம் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, பெரஸ் சல்பேட் ஊற்றிக் கழுவி, ஹைப்போவிலோ பொட்டாசியம் சயனைடிலோ நிலைநிறுத்தி, காய்ந்தபின் வார்னிஷ் பூசுவார்கள். கொலோடியனைக் கரைக்கும் ஈத்தரின் கொதிநிலை 34.6 பாகை. நம் ஊர் மத்தியானம் 32. குளிர்நாட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும் இடத்தில் இங்கே அதில் பாதிகூட நிச்சயமில்லை. அதனால் ஈத்தரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டிக் கலந்தார்கள். அந்த அளவு தவறினால் பூச்சு கண்ணாடியைப் பிடிக்காமல் உரியும், அல்லது அலையலையாகக் கோடு விழும். ஈத்தர் ஆவி இருட்டறையில் தேங்கி விளக்குத் தீ பட்டுப் பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. இந்த வகைத் தகட்டை அடையாளம் காண்பது எளிது: பூச்சு பாலாடை நிறத்தில் இருக்கும், ஒரு மூலையில் பிடித்த விரலின் தடம் பூச்சில்லாமல் நிற்கும், கையால் வெட்டிய கண்ணாடி என்பதால் ஓரம் கோணலாக இருக்கும்.

பெட்டியில் பெரும்பகுதி இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்: ஜெலட்டின் பூசிய உலர் தகடு. தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வந்தது, 1880-களிலிருந்து பரவியது. பூச்சு சீராக, கறுப்பாக, ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்போடு இருக்கும். இதனால்தான் சிறு குடும்பங்கள் தொழிலில் இறங்க முடிந்தது. தகட்டை நாமே செய்ய வேண்டாம், எடுத்ததை அப்போதே கழுவ வேண்டாம், தோட்டத்துக்குக் கொண்டுபோய் எடுத்து இரவில் திரும்பி வந்து கழுவலாம்.

ஆனால் ஜெலட்டினுக்குச் சூடு ஆகாது. டெவலப்பர், அதாவது உருவத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து, 18 முதல் 20 பாகையில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். குழாய்த் தண்ணீரே இங்கே 27, 28. அந்தச் சூட்டில் ஜெலட்டின் ஊதி, முதலில் ஓரத்தில் சுருக்கு விழும், பிறகு தோல் போல உரிந்து மிதக்கும். உரியாவிட்டாலும் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சூடு மாறினால் பரப்பெங்கும் நுண்ணிய வலை போல் வெடிக்கும். இதற்குக் கடைக்காரர்கள் கைக்கொண்டவை: விடியுமுன் கழுவுவது; ஐஸை டெவலப்பருக்குள் போடாமல், தட்டை ஒரு பெரிய தட்டில் வைத்துச் சுற்றி நிரப்புவது, உள்ளே போட்டால் மருந்து நீர்த்துவிடும்; டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்த்து ஜெலட்டின் உறிஞ்சும் தண்ணீரைக் குறைப்பது; டெவலப்பருக்கும் ஹைப்போவுக்கும் நடுவே குரோம் படிகாரக் கரைசலில் இறுக்குவது. பின்னாளில் கோடாக் கொடுத்த வெப்பநாட்டுக் கணக்கு ஒரு லிட்டருக்குக் குரோம் படிகாரம் 30 கிராம், சோடியம் சல்பேட் 60 கிராம். அந்தக் கரைசல் புதிதாக இருக்கும்போது ஊதா கலந்த நீலம், தீர்ந்துபோனால் பச்சை. பச்சையானதைக் கொட்டாமல் சிக்கனம் பார்த்த வாரத்துத் தகடுகள் இன்று ஓரம் சுருங்கி நிற்பதைப் பார்க்கலாம். காயப்போடுவதும் தலைவலி. ஈரக்காற்றில் ஓர் இரவு பிடிக்கும், அதற்குள் எறும்பும் கரப்பானும் ஜெலட்டினைத் தின்றுவிடும். தகட்டு ஓரத்தில் கடற்கரை வரைபடம் போல அரிப்பு இருந்தால் அது மருந்தின் தவறல்ல, கரப்பான்.

இன்னொரு விஷயம், நம் மக்களுடைய படங்களைப் பார்க்கும்போது அவசியம் தெரிந்திருக்க வேண்டியது. சாதாரணத் தகடுகள் நீல ஒளியை மட்டும் உணர்ந்தன. பிறகு வந்த ஆர்த்தோ தகடுகள் பச்சையையும் மஞ்சளையும் ஓரளவு உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. நிறம் எல்லாவற்றையும் உணரும் தகடு 1906 முதல் விற்பனைக்கு வந்தாலும், விலையும் முழு இருட்டில் கழுவ வேண்டிய தொல்லையும் அதைச் சிறு கடைகளுக்கு வெகுநாள் எட்டாமல் வைத்தன. விளைவு: குங்குமப் பொட்டு கறுப்பாக விழும், சிவப்புப் பட்டு கறுப்பாக விழும், வெளிர்நீலச் சேலை வெள்ளையாகிவிடும், தங்க நகை மங்கிப்போகும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இருக்கும் நிறத்தைவிடக் கறுத்து விழும். பழுப்புத் தோல் பொதுவாகவே இருப்பதைவிட இருண்டு விழுந்தது. ஆகவே படத்தை வைத்துக் கொள்ளுப்பாட்டி கறுப்புப் புடவை கட்டினாள் என்றோ, அமங்கலி என்றோ முடிவு கட்டாதீர்கள்.

அந்த இருட்டைச் சரிசெய்ததுதான் டச்சிங். தகட்டின் மங்கிய பக்கத்தில் ஒரு பிசினைத் தேய்த்து, சாய்வான மேசையில் கீழிருந்து கண்ணாடியால் வெளிச்சம் விட்டு, கூரிய பென்சிலால் முகத்தின் நிழல் பகுதிகளில் பொடிப்பொடியாகச் சுழிப்பார்கள். நெகட்டிவில் கூடும் கருமை பிரிண்டில் வெண்மை. வேண்டாத வெள்ளையைச் சிறு கத்தியால் சுரண்டுவார்கள். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் முகத்தில் மட்டும் பென்சில் மினுக்கம் தெரியும். பிரிண்டில் உள்ள வெள்ளைப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் அடைப்பதும், வண்ணம் தீட்டுவதும் தனி வேலை. குடும்பக் கடைகளில் இந்த மேசை வேலையை வீட்டுப் பெண்கள் செய்வது பரவலாக இருந்தது, பேரேட்டில் அவர்களுக்குச் சம்பளப் பத்தி இருக்காது. அண்ணன் கேமரா, தம்பி இருட்டறை, மச்சான் வெளியூர் வேலை, வீட்டில் டச்சிங் என்ற பிரிவினையைத் தேடினால், கணக்கில் வராத பெயர்களையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். டச்சிங் கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும். சிலர் வட்டமாகச் சுழிப்பார்கள், சிலர் கோடாக இழுப்பார்கள். லென்ஸ் வைத்துப் பத்துத் தகட்டைப் பார்த்தாலே இரண்டு கை வேலையா, மூன்றா என்று பிரித்துவிடலாம்.

பிரிண்ட் போடுவது நெடுங்காலம் வெயிலில் நடந்தது. சட்டத்தில் தகட்டையும் தாளையும் முகத்தோடு முகம் வைத்து மொட்டை மாடியில் வைப்பார்கள், படம் கண்முன்னே கறுத்து வரும். அப்புறம் தங்கக் குளோரைடில் நிறம் ஏற்றி, ஹைப்போவில் போட்டு, நெடுநேரம் தண்ணீரில் அலசுவார்கள். அலசல் குறைந்தால் ஹைப்போ தங்கிப் படம் மஞ்சளாகும், இன்று வெளிறிய படங்களில் பலவற்றுக்குக் காரணம் அந்தச் சோம்பல்தான். முதலில் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள். வெள்ளி ஏற்றிய அந்தத் தாள் இந்த ஈரத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது, பழுத்துவிடும், ஆகவே அன்றைக்கு வேண்டியதை அன்று காலையில் தயாரிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிப் பிரிண்டை வேண்டுமென்றே ஹைப்போவில் போடாமல் கொடுப்பார்கள். சில நாளில் கறுத்துவிடும் என்பதால் மாதிரியை வைத்துக்கொண்டு ஆர்டர் கொடுக்காமல் போக முடியாது. உங்கள் பெட்டியில் செங்கல் நிறத்தில் அட்டையில் ஒட்டாத தாள் படம் இருந்தால் அது இந்த வகையாக இருக்கலாம். அதை ஸ்கேனரில் வைக்கவே வைக்காதீர்கள், ஒரே ஓட்டத்தில் இன்னும் கறுக்கும். மங்கல் வெளிச்சத்தில் கேமராவால் ஒரே தடவை எடுத்துவிட்டுக் கறுப்புத் தாளில் சுற்றிவிடுங்கள்.

வியாபாரம் எங்கிருந்து வந்தது? ஊருக்குள் செட்டியார் கடை ஏஜெண்டுகள், ரயில்வேயிலும் கருவூலத்திலும் இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணிமார் (எழுத்தர்கள்), துறைமுகத்துத் தண்டல்கள் (படகுத் தலைவர்கள்), பள்ளிக்கூடக் குழுப் படங்கள், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்த கூட்டம். ஊரில் பெண் பார்க்க மாப்பிள்ளை படம் கப்பலில் போகும். நாகப்பட்டினம், மதராஸ் போகும் கப்பல் நாளுக்கு முந்தின வாரத்தில் பேரேட்டில் பதிவு கூடுகிறதா என்று பாருங்கள். ஊருக்கு வெளியே ரப்பர் தோட்டங்கள். துரைக்குப் பங்களா முன்னால் குழுப் படம், கிராணி குடும்பம், கூலிகளை மேய்த்த கங்காணி குடும்பம், கடைசியாக லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள், அதுவும் சம்பள நாளை ஒட்டி. ஒரு முழுத் தகடு ஆறரைக்கு எட்டரை அங்குலம். ஒரு டஜன் கண்ணாடித் தகடு, தேக்குக் கேமரா, முக்காலி, இருள்துணி எல்லாம் சேர்த்தால் ஓர் ஆள் சுமை தாண்டும், ஆகவே வெளியூர் வேலைக்கு இருவர் போனார்கள். பித்தளை முடுக்கிய தேக்குக் கேமரா அழகுக்காக வந்ததல்ல, ஒட்டிய மரமும் சாதாரணத் தோலும் இந்த ஈரத்தில் பிரிந்துவிடும்.

கல்யாணப் படம் அதிகம் ஸ்டூடியோவில்தான், முகூர்த்தம் முடிந்த பிறகு. விடியற்காலை முகூர்த்தத்தை வீட்டில் எடுக்க மக்னீசியப் பொடியையும் பொட்டாசியம் குளோரேட்டையும் கலந்து தட்டில் வைத்துக் கொளுத்த வேண்டும். புகை பந்தலை நிறைக்கும், கலக்கும்போது அழுத்தித் தேய்த்தால் வெடித்துக் கையே போகும். கண்ணாடிக் குமிழ் ஃபிளாஷ் பல்பு 1930 வாக்கில் வந்த பிறகே அது மாறியது. இழவு வீட்டுப் படமும் பெரிய வரும்படி. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து, சுற்றிலும் குடும்பத்தை நிறுத்தி எடுத்து, வர முடியாத ஊர்ச் சொந்தங்களுக்கு அனுப்புவார்கள். ஒரே தகட்டில் பத்துப் பன்னிரண்டு பிரிண்ட் போட்ட பதிவு இருந்தால் பெரும்பாலும் கல்யாணம், இல்லையேல் இழவு.

பேரேட்டைப் படிக்கும்போது மூன்று இடத்தில் தடுமாறுவீர்கள். தமிழ் எண்களில் எழுதியிருந்தால், ௲௯௱௨௰௭ என்பது 1927. ௰, ௱, ௲ முறையே பத்து, நூறு, ஆயிரம் என்று தெரியாமல் இலக்கமாகப் படித்தால் எல்லாம் குழம்பும். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும், பிரபவ என்பது 1867-68ஆகவும் இருக்கலாம், 1927-28ஆகவும் இருக்கலாம், தகட்டின் வகையை வைத்துத் தீர்மானியுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் 2602, 2603 என்று எழுதியிருந்தால் அது அவர்களுடைய வருடக் கணக்கு, 2602 என்றால் 1942. விலைகளை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் ஆட்சி நாணயமான நீரிணைக் குடியேற்ற வெள்ளி 1906-இல்தான் 2 ஷில்லிங் 4 பென்ஸுக்கு நிலைப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வெள்ளி உலோகத்தின் விலையோடு ஏறி இறங்கியது, இங்கிலாந்திலிருந்து வந்த தகட்டின் விலையும் கூடவே ஆடியது. 1943-45 விலைகளை எதனோடும் ஒப்பிட வேண்டாம், ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுக் கணக்கு அது. சில கடைகள் அரைத் தகட்டுக்கும் முழுத் தகட்டுக்கும் தனித்தனி வரிசை எண் போட்டன. ஒரே எண்ணில் இரண்டு தகடு கிடைத்தால் பிழை என்று எறியாதீர்கள், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டைப் படங்களின் காலத்தை அளவே ஓரளவு சொல்லும். இரண்டரைக்கு நான்கு அங்குலச் சிறிய கார்டு 1860-களிலிருந்து; நாலேகாலுக்கு ஆறரை அங்குலக் கேபினட் 1870-களிலிருந்து முதல் உலகப் போர்க்காலம் வரை; மூன்றரைக்கு ஐந்தரை அங்குல அஞ்சலட்டைப் பிரிண்ட் 20-ஆம் நூற்றாண்டு. தாள் நார் தெரியும்படி மெலிந்து, செம்பழுப்பாக, நுண்ணிய வெடிப்போடு இருந்தால் முட்டைக்கருத் தாள். நார் தெரியாமல் கறுப்பு வெள்ளையாக, இருண்ட இடத்தில் வெள்ளி மினுக்கினால் கழுவிப் போட்ட தாள், 1900-க்குப் பிறகு. பின்பக்கத்தில் அச்சிட்ட கடைப் பெயரை முழுதாக நம்பாதீர்கள். இந்த அட்டைகளை ஐரோப்பாவிலிருந்து மொத்தமாக வரவழைத்தார்கள். பங்காளி பிரிந்த பிறகும், முகவரி மாறிய பிறகும், இருப்புத் தீரும்வரை ரப்பர் முத்திரை குத்தி ஓட்டுவார்கள். நெகட்டிவ்கள் கடையோடு சேர்த்து விற்கப்படும் பொருள் என்பதால், பழைய தகட்டின் பிரிண்ட் புதிய கடையின் அட்டையிலும் வரும்.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது, 19-ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்தார்கள். தாளும் தகடும் வரத்து நின்றது. பழைய நெகட்டிவின் ஜெலட்டினைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியைப் படச் சட்டத்துக்கு விற்பது பல ஊர்களில் நடந்ததுதான், ஆபத்து என்று தோன்றிய குழுப் படங்களை மக்களே எரித்தார்கள். உங்கள் எண் வரிசையில் பெரிய ஓட்டை இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். போருக்குப் பின் 1948-இல் அவசரகாலச் சட்டப்படி 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. அதுவரை படமே எடுத்திராத தோட்டத்து மக்கள் முதல்முறை கேமரா முன் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டிலிருந்து பேரேட்டில் சிறிய அளவும் சிறிய தொகையும் நிறைந்திருக்கும், கலை குறைந்தது போலத் தெரியும், ஆனால் பல கடைகளைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சிறு படம்தான்.

கையாளும் முறை. பெட்டியோடு பழுப்புப் பாட்டில்கள் வந்திருந்தால் திறக்கவோ, சாக்கடையில் கொட்டவோ கூடாது; சயனைடும் பாதரச உப்பும் இந்தத் தொழிலில் சாதாரணம், சயனைடில் அமிலம் பட்டால் நச்சுவாயு கிளம்பும். தகடுகளைப் பருத்திக் கையுறையை விட நைட்ரைல் கையுறையோடு, இரு கையால் ஓரம் பிடித்து எடுங்கள், பருத்தி வழுக்கும். பளபளக்கும் பக்கம் வெறுங்கண்ணாடி. அதை மட்டும் மென்தூரிகையால் தட்டி, லேசாக ஈரப்படுத்திய பஞ்சால் துடைக்கலாம். மங்கிய பக்கத்தைத் தொடவே வேண்டாம். ஆல்கஹால் எதற்கும் வேண்டாம், பழைய வார்னிஷைக் கரைத்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் கீழ்த்தகடு உடையும்; அமிலமில்லாத தாள் உறையில் போட்டு, நீளமான ஓரம் கீழே வரும்படி நிற்கவையுங்கள். உடைந்ததை ஒட்ட வேண்டாம், இரண்டு புதுக் கண்ணாடிக்கு நடுவே துண்டுகளைப் பொருத்தி ஓரத்தைக் கட்டுங்கள். ஈரம் பெரிய எதிரி: மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரமானியும் வைத்து 40 சதவீதத்தை ஒட்டி வைத்திருங்கள். 30-க்குக் கீழே போகவிட்டால் ஜெலட்டின் சுருங்கிக் கண்ணாடியை விட்டு உரியத் தொடங்கும்.

நகல் எடுக்க விலையுயர்ந்த ஸ்கேனர் தேவையில்லை. சமமான வெளிச்சம் தரும் பலகைக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டைத் தாங்கிவைத்து, அதன்மேல் நெகட்டிவை மங்கிய பக்கம் கேமராவைப் பார்க்க வைத்து, மேலிருந்து எடுத்து, கணினியில் இடவலம் திருப்பி, நிறத்தைத் தலைகீழாக்குங்கள். எண் தெரியும்படி ஓரம்வரை முழுதாக எடுங்கள், முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் பேரேட்டோடு சேர்க்கும் வழி போய்விடும். கோப்பின் பெயரே அந்த எண்ணாக இருக்கட்டும்.

கடைசியாக, பெட்டியின் அடியில் சுருண்ட பிலிம் இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள். மஞ்சளாகி, பிசுபிசுத்து, நெடி அடித்தால் நைட்ரேட், தானாகத் தீப்பிடிக்கக்கூடியது. வீட்டுக்குள்ளோ தகடுகளோடோ வைக்காமல், கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தைக் கேட்டுச் செய்யுங்கள். கடை இருந்த முகவரிக்கும் ஆண்டுக்கும் சாட்சி வேண்டுமானால் ஆண்டுதோறும் வெளிவந்த சிங்கப்பூர், நீரிணைக் குடியேற்ற டைரக்டரிகளையும், சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய பினாங்குப் பத்திரிகைகளையும், 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனின் விளம்பரப் பக்கங்களையும் பாருங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது கடைப் பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், நம் பெயர்களை அவர்கள் ஒருபோதும் ஒரே மாதிரி எழுதியதில்லை.